பூசணிக்கொடி காய்ந்ததும் படலையைச் சாத்திவிடாதீர்கள்

லண்டனில் அலொட்மென்ட் தோட்டம் செய்யும் ஐயாமார், அம்மாமார், அண்ணைமார், அக்காமார், தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும்,

ஐப்பசி பிறந்துவிட்டது. உங்களில் அரைவாசிப் பேர் இந்தக் கிழமைகளில் கடைசிப் பூசணிக்காயை வெட்டி, மிஞ்சிய பச்சைத் தக்காளியையும் மிளகாயையும் பிடுங்கிக் காரில் ஏற்றிக்கொண்டு கொட்டிலைப் பூட்டப்போகிறீர்கள். பிறகு சித்திரை வரைக்கும் உங்களைத் தோட்டத்துப் பக்கம் காண முடியாது. பூட்டுவதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். எங்கள் தளத்தின் தோட்டக்காரர் சங்கக் குழுவில் நானும் ஒருவன். அந்தக் குழுவில் என்ன கதைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கு அது தெரியாமல் இருப்பது சரியில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். கோடையில் நீங்கள் செய்கிற தோட்டத்தைப் பார்த்து முழுத் தளமும் பெருமைப்படுகிறது. குளிர்காலத்தில் அதே காணி கிடக்கிற கிடையைப் பார்த்து அந்தக் காணியையே உங்களிடமிருந்து எடுக்கலாமா என்று யோசிக்கிறார்கள். ஒருசிலரிடமிருந்து ஏற்கெனவே எடுத்தும்விட்டார்கள்.

போன குளிர்காலத்தில் துண்டு துண்டாகப் பார்வையிட்டுக்கொண்டு வந்தவர்களோடு நானும் நடந்தேன். எங்கள் ஐயா ஒருவருடைய துண்டுக்கு வந்தோம். ஆவணியில் அந்தப் பந்தலில் தொங்கிய புடலங்காய்களைப் பார்க்கப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள். தையில் அதே பந்தல் ஒருபக்கம் சரிந்து கிடந்தது. கிழிந்த பொலித்தீன் வேலியில் சிக்கிப் படபடத்தது. கருகல் நோய் பிடித்துக் கறுத்த தக்காளிச் செடிகள் நட்ட இடத்திலேயே நின்றன. ஓரத்தால் நுழைந்த புல், பாத்திகளின் நடுவுக்கே வந்துவிட்டது. கையில் கடதாசி வைத்திருந்தவர் ஒரு வரி எழுதிக்கொண்டு அடுத்த துண்டுக்குப் போனார். முதற் கடிதம் வந்தது, ஐயா கவனிக்கவில்லை. இரண்டாவது வந்தபோது முதுகுவலியோடு படுத்திருந்தார். ஆங்கிலத்தில் வந்ததை வாசித்துச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கவில்லை. பங்குனியில் மிளகாய்க் கன்றுகளோடு அவர் வந்தபோது துண்டு வேறொருவர் பெயருக்கு மாறியிருந்தது. பக்கத்தில் குழாயடியில் நின்று நான் எதைச் சொல்லி அவரைத் தேற்றுவது?

அதற்குப் பிறகு நடந்த ஒரு கூட்டத்தில், “உங்கள் ஆட்கள் கோடைக்கு மட்டும்தானே வருகிறார்கள்” என்று ஒருவர் என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்குச் சுட்டது. எங்களில் குளிரிலும் மழையிலும் வருகிறவர்கள் இருக்கிறார்கள். வேறு ஆட்களில் வருடம் முழுக்கவே எட்டிப்பார்க்காதவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் சொன்னேன். ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு பங்கு உண்மை இருந்தபடியால்தான் அது அவ்வளவு சுட்டது.

இந்தக் காணிகளின் உறுதி எங்கள் பெயரில் இல்லை என்பதை முதலில் மனத்தில் வையுங்கள். நாங்கள் வாடகைக்காரர். 1922ஆம் ஆண்டுச் சட்டம் அலொட்மென்ட் என்பதை, பிடித்திருப்பவர் தனக்கும் தன் குடும்பத்துக்கும் வேண்டிய மரக்கறியையும் பழத்தையும் முழுக்கவோ பெரும்பாலுமோ பயிரிடுகிற நிலம் என்றுதான் சொல்கிறது. பயிரிடாமல் கிடந்தால் அது உங்கள் ஒப்பந்தத்தை மீறியதாகக் கணக்கு. 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாடகை 40 நாள் நிலுவையானாலோ விதியை மீறினாலோ ஒரு மாத அறிவித்தலோடு கவுன்சில் உங்களை எழுப்பலாம். ஒழுங்காகப் பயிரிடுகிறவரை எழுப்புவதென்றால் குறைந்தது 12 மாத அறிவித்தல் வேண்டும், அதுவும் கோடைப் பயிரின் நடுவில் முடியக்கூடாது. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். செய்கிறவனுக்குச் சட்டம் அவ்வளவு காவல் தருகிறது, செய்யாதவனுக்கு ஒன்றும் தருவதில்லை.

தனித்தனித் துண்டுகளை விடப் பெரிய ஆபத்தும் ஒன்று இருக்கிறது. அலொட்மென்டுக்கென்றே வாங்கிய அல்லது ஒதுக்கிய நிலத்தை அரசின் அனுமதியில்லாமல் கவுன்சில் விற்க முடியாது என்று 1925ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்து வைத்திருக்கிறது. எழும்பிப் போகிறவர்களுக்கு வேறிடம் கொடுக்கிறோம் என்றோ, வேறிடம் தேவையில்லை என்றோ காட்டினால் அந்த அனுமதி கிடைக்கலாம். வெறுமையாகக் கிடக்கிற துண்டுகள்தான் “தேவையில்லை” என்பதற்குச் சாட்சி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்த நாட்டில் சுமார் 14 லட்சம் துண்டுகள் இருந்ததாகவும், இன்று எஞ்சியிருப்பவை சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம் என்றும் பொதுவாகச் சொல்கிறார்கள். போனவற்றில் பெரும்பங்கு வீடுகளுக்கும் வீதிகளுக்கும் அடியில் கிடக்கிறது. போன நிலம் திரும்பி வருவதில்லை. அதிலும் லண்டனின் உட்பகுதிப் பரோக்களுக்கு, கேட்பவர்களுக்கு அலொட்மென்ட் கொடுக்க வேண்டுமென்ற கடமையே இல்லை.

நீங்கள் ஏன் வருவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஊரில் ஐப்பசி மழை பிறக்கிற மாதம். அந்த மழையோடுதான் வேலை தொடங்கும். இங்கே அதே ஐப்பசியில் எல்லாம் அடங்குகிறது. சின்ன வயதிலிருந்து உடம்பில் ஊறிய கணக்கு இங்கே தலைகீழாகிவிடுகிறது. மார்கழியில் நாலு மணிக்கு முன்னமே பொழுது பட்டுவிடும். இரவு வேலை முடித்து வருகிறவனுக்குப் பகலே கிடைப்பதில்லை. முழங்கால் நோ, மூச்சு வாங்குதல், பேரப்பிள்ளையைப் பள்ளியால் கூட்டி வருதல், எல்லாம் உண்மை. யாரும் நாள்தோறும் வரத் தேவையில்லை. இந்த மாதமும் அடுத்த மாதமும் சில அரைநாட்கள் வந்தால் குளிர்காலம் முழுவதையும் தாண்டலாம். முழுக்காணியையும் கொத்தவும் தேவையில்லை. சொமர்செட்டில் சார்ள்ஸ் டௌடிங் என்பவர் பல பத்தாண்டுகளாக மண்ணைக் கொத்தாமலே, மேலே கூட்டெரு பரவி, சந்தைக்குப் போகிற அளவு மரக்கறி எடுத்துக் காட்டியிருக்கிறார். எங்கள் களிமண்ணில் ஈரத்தோடு ஏறி மிதிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

முதல் வேலை துப்புரவு. கருகல் பிடித்த தக்காளியையும் உருளைக்கிழங்குக் கொடியையும் உங்கள் கூட்டெருக் குவியலில் போடாதீர்கள். எங்கள் சின்னக் குவியல்களில் அந்த நோயைக் கொல்கிற சூடு வராது. கவுன்சிலின் பச்சைக் கழிவுத் தொட்டியில் போட்டால் அவர்களுடைய பெரிய குவியல் அதைப் பார்த்துக்கொள்ளும். மண்ணுக்குள் விடுபட்ட சுண்டங்காயளவு கிழங்கைக்கூட விரலால் துழாவி எடுங்கள். நோய்க்கிருமி குளிர்காலத்தைக் கழிப்பது அந்த உயிருள்ள கிழங்குக்குள்தான், சித்திரையில் அது முளைத்தால் உங்களுக்கு மட்டுமல்ல, காற்று வீசுகிற பக்கத்துக்கெல்லாம் கருகல். பூசணியை உறைபனி விழ முன்னம், காம்பை நீளமாக விட்டு வெட்டுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்கக்கூடாது, முறிந்தால் அந்த இடத்தாலேயே அழுகும். வீட்டில் வெயில்படும் யன்னலோரம் பத்து நாள் வைத்துத் தோல் இறுகியபின் குளிர்ந்த, காய்ந்த அறைக்கு மாற்றினால் தைப்பொங்கலுக்கு உங்கள் சொந்தப் பூசணியிலேயே கறி வைக்கலாம்.

மூடுவதற்குப் பழைய கம்பளம் வேண்டாம். அதை விரிக்கிறீர்கள் என்றுதான் அடிக்கடி முறைப்பாடு வருகிறது. அதிலுள்ள செயற்கை நாரும் சாயமும் மண்ணில் இறங்குகின்றன, பல தளங்களில் அது தடை. ஒட்டுநாடா உரித்த கார்ட்போர்ட் பெட்டிகளை விரித்து, மேலே கூட்டெருவோ இலைக்குப்பையோ போட்டாலே போதும்.

இலைக்குப்பை என்றதும் உங்களுக்கு ஒன்று ஞாபகம் வரவேண்டும். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் பூவரசங்குழையும் கிளுவங்குழையும் வெட்டித் தாழ்த்தியவர்களின் பிள்ளைகள் நீங்கள். பனையோலையைக்கூட வீணாக்காமல் மண்ணுக்குள் புதைத்தவர்கள் உங்கள் பெற்றோர். இங்கே கார்த்திகையில் பூங்காக்களில் ஓக், மேப்பிள் இலை முழங்காலளவு குவிந்து கிடக்க, நீங்கள் வைகாசியில் கடையில் பைபையாகக் கூட்டெரு வாங்குகிறீர்கள். அனுமதி கேட்டு அந்த இலையை அள்ளுங்கள். வாகனம் ஓடும் பெருவீதி ஓரத்து இலையை மட்டும் விட்டுவிடுங்கள். நாலு தடி நட்டுக் கம்பிவலை சுற்றி அதற்குள் நனைத்து அமத்தினால் ஒரு வருடத்தில் மேற்பரப்புக்குப் போடலாம், இரண்டு வருடத்தில் விதை போடுகிற அளவுக்கு மென்மையாகும். அதேபோல ஊரில் சணல் விதைத்து மடக்கியதை இங்கே றைப்புல்லும் வெட்ச் பயறும் விதைத்துச் செய்கிறார்கள். கடைகளில் ‘கிரேசிங் றை’, ‘வின்டர் டெயர்ஸ்’ என்று கேளுங்கள். பிந்தியும் விதைக்கலாம் என்பதால் புல்லைத்தான் இப்போது விதைக்கச் சொல்வேன். பங்குனியில் மடக்கியபின் சில கிழமை பொறுக்க வேண்டும், உடனே சிறுவிதை போட்டால் முளைக்க விடாது. கடுகை நான் சொல்லவில்லை. அது கோவாவின் இனம், கோவாவின் வேர்முடிச்சு நோய் இருக்கிற காணியில் அதை விதைப்பது நோய்க்குச் சோறு போடுகிற வேலை.

குதிரை எருவைப் பற்றி நீளமாகவே எழுத வேண்டும், ஏனென்றால் எங்கள் தளத்தில் அதனால் அழுதவர்கள் இருக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு பாரவண்டி எரு மலிவாக வந்தது. நல்ல எரு, கறுத்து உக்கி, மணமில்லாமல் இருந்தது. எல்லாரும் பங்கிட்டுப் போட்டோம். ஆனியில் தக்காளியின் நுனி இலைகள் விரியாமல் ஒடுங்கிச் சுருண்டன, பயற்றங்கொடியும் போஞ்சியும் முறுகி நின்றன. தண்ணீர் போதவில்லை என்று சிலர் இன்னும் ஊற்றினார்கள். காரணம் தண்ணீரல்ல. மேய்ச்சல் தரையில் அகன்ற இலைக் களைகளைக் கொல்ல அமினோபைரலிட் என்ற மருந்தை அடிக்கிறார்கள். புல்லுக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் புல்லைத் தின்ற குதிரைக்கும் ஒன்றும் ஆகாது. மருந்து சாணத்தோடு அப்படியே வெளியே வந்து, நார் உக்கும் வரை உள்ளே ஒளிந்திருக்கும். 2008இல் இந்த நாடு முழுவதும் தோட்டக்காரர்கள் இதனால் நட்டப்பட்டு, அந்த மருந்தின் அனுமதியைக் கொஞ்சக்காலம் நிறுத்தியும் வைத்தார்கள். பிறகு கட்டுப்பாடுகளோடு திரும்ப விட்டார்கள்.

ஆகவே இந்த முறை எரு எடுக்கிறவர்கள், குவியலின் பல இடங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, சாதாரண கூட்டெருவோடு கலந்து இரண்டு மூன்று சட்டிகளில் போடுங்கள். எரு கலக்காத சட்டியும் பக்கத்தில் இருக்கட்டும். எல்லாவற்றிலும் புறோட் பீன்ஸ் விதையை ஊன்றி வீட்டு யன்னலில் வையுங்கள். நாலு கிழமையில் தெரிந்துவிடும். எருச்சட்டியில் மட்டும் இலை சுருண்டால் அந்த எருவுக்குத் தோட்டத்தில் இடமில்லை. இந்தச் சோதனைக்குக் குளிர்காலத்தை விட்டால் வேறு காலம் கிடையாது. பங்குனியில் எரு வந்திறங்கியபின் யார் நாலு கிழமை காத்திருப்பார்கள்?

இனி நடுகை. குளிர்காலத்தில் ஒன்றும் நட முடியாது என்ற கதையை விடுங்கள். உள்ளிக்கு இதுதான் காலம். குளிர் பட்டால்தான் அது பல்லுப் பல்லாகப் பிரியும், படாவிட்டால் ஒற்றை உருண்டையாக நின்றுவிடும். சமையலுக்கு வாங்கிய உள்ளியை நடாதீர்கள். அது வேறு வெயிலுக்குப் பழகியதாக இருக்கலாம், நோயும் கொண்டு வரலாம். விதைக்கென்று விற்பதை வாங்கி, தண்ணீர் நிற்காத பாத்தியில், பல்லின் தட்டைப் பக்கம் கீழே இருக்க, நுனிக்கு மேல் இரண்டு விரற்கடை மண் வரும்படி ஊன்றுங்கள். பல்லுக்குப் பல்லு ஒரு சாண் இடைவெளிகூடப் போதாது என்று எங்கள் ஆட்கள் சிலர் எட்ட எட்ட நடுகிறார்கள். 15 சென்ரிமீற்றரே தாராளம். குருவி இழுத்துப் போட்டால் திரும்ப ஊன்றுங்கள். ஆடியில் கிண்டலாம். கார்த்திகையில் ‘அக்வாடல்ஸ் குளோடியா’ என்ற புறோட் பீன்ஸை ஊன்றினால் வசந்தத்தில் போடுவதற்கு முந்தியே காய்க்கும், கறுத்தப் பேனும் குறைவு. பூத்தபின் நுனிக்கொழுந்தைக் கிள்ளிவிடுங்கள். பேனுக்கும் அங்கேதான் விருப்பம். கிள்ளிய கொழுந்து தேங்காய்ப்பூவோடு அருமையான வறை. பாத்தியில் இப்படிப் பச்சையாக ஏதாவது நின்றால் பார்வையிட வருகிறவர் கடதாசியில் எழுத ஒன்றும் இருக்காது.

வரும் வருடத்தையும் இப்போதே யோசியுங்கள். தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரி, மிளகாய் நாலும் ஒரே குடும்பம். எங்களுக்குப் பிடித்தவை எல்லாம் அதற்குள்தான். அதனால் வருடா வருடம் அதே மூலையில் அவற்றையே வைக்கிறோம், பிறகு மண் சலித்துவிட்டது என்கிறோம். ஒரு கடதாசியில் காணியை வரைந்து, இந்த வருடம் எது எங்கே நின்றது என்று மறக்க முன்னம் குறித்துவிடுங்கள். கோவா நின்ற இடத்துக்குக் கோவா உடனே திரும்பி வரக்கூடாது, வேர்முடிச்சு நோய் 20 வருடம்கூட மண்ணில் கிடக்கும். அந்த இடத்துக்கு இப்போதே சுண்ணாம்பு தூவலாம். மிளகாயும் கத்தரியும் தை, மாசியிலேயே வீட்டுச் சூட்டில் முளைக்கப் போட வேண்டியவை, ஆகவே விதைக் கணக்கு மார்கழிக்குள் முடிய வேண்டும்.

இதைவிட முக்கியமான திட்டமொன்று இருக்கிறது, அதைப் பற்றிக் கதைக்க எல்லாரும் பின்வாங்குகிறோம். உங்களுக்குப் பிறகு இந்தத் துண்டு யாருக்கு? மகனுக்குத் தானாகப் போகும் என்று நினைக்காதீர்கள். பல ஒப்பந்தங்களில் அப்படி உரித்து மாறாது. காத்திருப்போர் பட்டியலில் முதலில் நிற்பவருக்கே போகும். பிள்ளையோ மருமகளோ உண்மையாகவே வந்து செய்வார்கள் என்றால் அவர்களைக் கூட்டுத் தோட்டக்காரராகப் பதிய முடியுமா என்று இப்போதே கேளுங்கள். முடியாவிட்டால் அவர்களின் பெயரைப் பட்டியலில் போடுங்கள். முழுத்துண்டு உங்களால் முடியாமல் போய்விட்டதென்றால் அரைவாசியைத் திருப்பிக் கொடுங்கள். பழைய கணக்கில் முழுத்துண்டென்றால் ஏறக்குறைய 250 சதுர மீற்றர். எழுபது வயது ஆளுக்கு அது பெரிய சுமை. அரைத்துண்டை வைத்து நன்றாகச் செய்கிறவரை யாரும் குறை சொல்லப்போவதில்லை. படலைக்கு வெளியே நின்று உள்ளே பார்த்துக்கொண்டு போகிற இளம் தாய் தகப்பனை நீங்களும் கண்டிருப்பீர்கள். அவர்களில் எங்கள் பிள்ளைகளும் உண்டு.

இன்னுமொரு மனக்குறை. வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு நீங்கள் வருவதில்லை. பந்தலின் உயரம், பொலித்தீன் கூடாரத்தின் நீளம், தண்ணீரை எந்த மாதத்தில் நிறுத்துவது, எந்த மாதத்தில் நெருப்பு வைக்கலாம் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. புடலைக்கும் பாகலுக்கும் ஆளுயரத்துக்கு மேலே பந்தல் வேண்டும் என்று அவரைக்கொடி மட்டுமே தெரிந்தவர்களுக்கு யார் சொல்வது? நான் ஒருவன் சொன்னால் அது என் சொந்த விருப்பமாகப் போகிறது. பிறகு குழாயடியில் நின்று, “எங்களைக் கேட்காமல் விதி போடுகிறார்கள்” என்று என்னிடம் சொல்கிறீர்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் என்றால் என் பக்கத்தில் இருங்கள், நீங்கள் தமிழில் சொல்லுங்கள், நான் எழும்பிச் சொல்கிறேன்.

நான் கேட்பது இதுதான். மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போகிற ஞாயிற்றுக்கு முதல் நாள், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாரும் தளத்துப் படலையடிக்கு வாருங்கள். மண்வெட்டி, கையுறை, பெட்டிக் கார்ட்போர்ட் கொண்டு வாருங்கள். முதலில் வயதானவர்களின் துண்டுகளை எல்லாருமாகத் துப்புரவாக்கி மூடுவோம், பிறகு அவரவர் துண்டு. குப்பைக் குவியலைக் கிளற முன்னம் முள்ளெலி படுத்திருக்கிறதா என்று பார்க்கப் பிள்ளைகளையும் கூட்டி வந்தால் நல்லது. உள்ளி விதையும் புல்விதையும் சங்கக் கடையில் மொத்தமாக எடுத்து வைக்கலாம், உங்களுக்கு எவ்வளவு வேண்டுமென்று அதற்கு முந்திய புதன்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். வர முடியாதவர்கள் தொலைபேசியில் எடுத்து, துண்டை முழுக்க வைத்திருக்கப்போகிறீர்களா, அரைவாசி கொடுக்கப்போகிறீர்களா, விடப்போகிறீர்களா என்று சொல்லுங்கள். கவுன்சிலிலிருந்து வந்த கடிதம் பிரிக்காமல் வீட்டில் கிடந்தால் அதையும் கையோடு எடுத்து வாருங்கள், அன்றைக்கே இருந்து வாசித்துப் பதில் எழுதுவோம். மற்றத் தளங்களில் இருக்கிறவர்கள் உங்கள் ஆட்களை அதே நாளில் அங்கே சேருங்கள். பொதுக்கூட்டம் கார்த்திகையில். நாளும் இடமும் அறிவித்தற் பலகையில் ஒட்டியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்களோடு தோட்டம் செய்யும் ஒருவன்